நினைவகப் பங்கீடு: கணிப்பொறியினுள் ஓர் இட நிர்வாகம்

ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, வானிலைக் கணிப்பு முதலிய பணிகளில் ஈடுபடுத்தப்படும் கணிப்பொறிகள் பல, மாதக்கணக்கில் ஓய்வின்றி இயங்குகின்றன. அவற்றின் நிரல்கள் தகவல்களை வைக்க நினைவகத்தில் இடம் கேட்டுப் பெறுகின்றன. வேலை முடிந்ததும் அதனைத் திருப்பித் தருகின்றன. இக்கொடுக்கல் வாங்கலை நடத்தும் பகுதியே பங்கீட்டு நிரல் எனப்படும். யார், எப்பொழுது, எவ்வளவு கேட்பர் என்பதை முன்கூட்டி அறியாமலே எல்லோருக்கும் விரைவாகவும் சிக்கனமாகவும் இடமளிப்பது அதன் கடமையாகும்.

சிதறலால் விளையும் கேடு

இடம் கொடுப்பது எளிது. திரும்பி வந்த இடத்தை மீண்டும் பயனுள்ளதாக்குவதே அரிது. 100 அலகு கொண்ட நினைவகம் 30, 20, 30, 20 என்று வரிசையாக நான்கு பகுதிகளாக வழங்கப்பட்டதாகக் கொள்வோம். முதற் பகுதியும் மூன்றாம் பகுதியும் திரும்பி வந்தால் காலியிடம் 60 அலகாகும். ஆயினும் 40 அலகு கேட்பவருக்குக் கொடுக்க இயலாது; ஏனெனில், சேர்ந்தாற்போல் இருப்பது 30 அலகே. இரண்டாம் பகுதியை நகர்த்தி இடமுண்டாக்கலாமே எனின், ‘சி’ போன்ற மொழிகளில் எழுதப்பட்ட நிரல்கள் அப்பகுதியின் முகவரியைக் குறித்து வைத்திருப்பதால் அதுவும் ஆகாது. இச்சிதறல் நாளடைவில் பெருகினால், இடமிருந்தும் இல்லாத நிலை ஏற்பட்டு நிரல் நின்றுவிடக்கூடும்.

எல்லைக் குறிகள்

அமெரிக்கப் பேராசிரியர் டக் லீ 1987-இல் உருவாக்கத் தொடங்கிய பங்கீட்டு நிரல் இத்துறையில் புகழ் பெற்றது. காலியான ஒவ்வொரு பகுதியின் இரு முனைகளிலும் அதன் அளவைக் குறித்து வைப்பது அதன் முக்கிய உத்திகளுள் ஒன்று. மேற்கண்ட உதாரணத்தில் இரண்டாம் பகுதியும் திரும்பி வருமாயின், இருபுறமும் உள்ள குறிகளை நோக்கிய மாத்திரத்தில் அண்டைப் பகுதிகள் காலி என்பது தெரியவரும். தேடலின்றி மூன்றும் இணைந்து 80 அலகாகிவிடும்.

பல செயலிகள், ஒரே வாயில்

ஒரு கணிப்பொறியில் பல செயலிகள் பெருகியபின் வேறொரு தொல்லை எழுந்தது. ஒருவருக்கு இடம் அளக்கும்பொழுது குழப்பம் நேராதிருக்க வாயிலைப் பூட்டவேண்டும், மற்றையோர் காத்திருக்கவேண்டும். செயலிகளைக் கூட்டியும் வேகம் கூடாமற்போவதற்கு இது ஒரு காரணம். 2005-இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பயனுக்கு வந்த ஜேசன் எவன்ஸின் ‘ஜேமல்லாக்’, நினைவகத்தைப் பல அரங்கங்களாகப் பிரித்து, நெரிசலைக் குறைத்தது. சிறு கோரிக்கைகளுக்கு 16, 32, 48 பைட் என வரையறுத்த அளவுகளிலேயே அது இடமளிக்கும். 33 பைட் கேட்டவர் 48 பெறுவதால் 15 வீணாகும். எனினும், ஒரே அளவின என்பதால் அவ்விடங்களை மீண்டும் வழங்குவது எளிது. 2008-இல் வெளியான ஃபயர்பாக்ஸ் 3 உலாவியில், சிதறலைக் குறைப்பதற்காக இம்முறை மேற்கொள்ளப்பட்டது.

சோதனை முறை

எம்முறையை வகுத்தாலும் அதனைத் தோற்கடிக்கும் கோரிக்கை வரிசை ஒன்று உண்டு என்பதை ஜே. எம். ராப்சனின் 1971-ஆம் ஆண்டு ஆராய்ச்சி காட்டிற்று. ஆனால், நடைமுறை அவ்வளவு கொடியதன்று. குருட்டாம்போக்கான எண்களைக் கொண்டு செய்யும் சோதனைகள் வழிதவறச் செய்பவை என்று பால் வில்சனும் அவருடைய சகாக்களும் 1995-இல் எடுத்துரைத்தனர். மெய்யான நிரல்களின் கோரிக்கைகளில் ஓர் ஒழுங்குண்டு. ஒன்றாகப் பெற்றவை பெரும்பாலும் ஒன்றாகவே திரும்புகின்றன. ஆகவே, புதிய பங்கீட்டு நிரலை வகுப்போர் உண்மையான நிரல்களின் கோரிக்கைகளைப் பதிவு செய்து, அவற்றைக் கொண்டே அதனைச் சோதித்தல் இன்றியமையாதது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். 100 கட்டங்கள் வரைந்த ஒரு தாளில் மாணவர்கள் மாறி மாறி இடம் கேட்டும் திருப்பியும் வந்தால், சிதறல் எவ்வாறு தோன்றுகிறது என்பதை அவர்களே கண்டுகொள்வர்.