சுற்றிப் போனால் சீக்கிரம்!

வடசென்னையில் கொருக்குப்பேட்டை என்றொரு பகுதி. சென்ட்ரலிலிருந்தும் கடற்கரை நிலையத்திலிருந்தும் வடக்கே போகும் தண்டவாளங்கள் அங்கேதான் ஒன்று சேருகின்றன. சரக்கு வண்டிகளுக்கும் குறைவில்லை. ரயில்வே கேட் மூடிவிட்டால், விவரம் தெரிந்தவர் அங்கே நிற்கமாட்டார். சைக்கிளைத் திருப்பி, பாலத்தின் வழியே சுற்றிக்கொண்டு, காத்து நிற்பவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார்.

ஆகாயத்தில் கேட் ஏது? அங்கும் சுற்றுவழி சீக்கிர வழியாக இருக்க முடியுமா?

ஓர் உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தில்லியில் நூலின் ஒரு முனையை வைத்து, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வரை இறுக்கிப் பிடியுங்கள். நூல் ஏறக்குறைய வடக்கே ஏறி, ஆர்க்டிக் பகுதியைத் தொட்டு இறங்கும். இதுதான் மிகக் குறுகிய வழி. பெருவட்டப் பாதை என்பார்கள். நீளம் சுமார் 12,400 கி.மீ.

ஆனால் ஏர் இந்தியா விமானம் முதலில் அட்லாண்டிக் வழியாக மேற்கு நோக்கியே போய்க்கொண்டிருந்தது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் கிழக்கே திரும்பி, பசிபிக் மீது பறந்தார்கள். தூரம் 15,300 கி.மீ! ஆயினும் பயணம் பதினான்கரை மணியில் முடிந்தது. பழைய வழியைவிடச் சுமார் இரண்டு மணி நேரம் மிச்சம். மணிக்குப் பல டன் எரிபொருள் குடிக்கும் விமானத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

15,300-ஐ 14.5 ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. அந்த விமானம் காற்றில் செல்லும் வேகமோ ஏறக்குறைய 900 கி.மீ.தான். மீதி எங்கிருந்து வந்தது?

ஓடும் ரயிலுக்குள் முன்னோக்கி நடப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வேகத்தோடு ரயிலின் வேகமும் சேர்கிறது அல்லவா? விமானத்துக்கு அந்த ரயில், காற்றுதான். வெப்பமண்டலக் காற்றுக்கும் துருவக் குளிர்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டாலும், பூமியின் சுழற்சியாலும், சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு பாய்கிறது. ஜெட் காற்றோட்டம் என்பது இதன் பெயர்.

ஜப்பானியரான வாசபுரோ ஓயிஷி 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அதனாலேயே படித்தவர் சிலர்தான்! 1944-இல் ஜப்பான் மீது பறந்த அமெரிக்கப் போர் விமானங்கள் இக்காற்றில் சிக்கித் திணறின.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தில்லிக்குத் திரும்பும்போது எந்த வழி நல்லது? நூலையும் காற்றையும் வைத்து நீங்களே யோசியுங்கள்.

நம் ஊருக்கு மேலேயும் இப்படி ஒன்று உண்டு, ஆனால் திசை தலைகீழ். தென்மேற்குப் பருவமழை மாதங்களில், தென்னிந்தியாவுக்கு மேல் சுமார் 14 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஜூலை மாதத்தில் ஒரு நாள் மாலை மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். தாழ்ந்த மேகங்கள் கடலை நோக்கிப் போகும். அவற்றுக்கு வெகு உயரத்தில் இறகு போன்ற கீற்று மேகங்கள் கடல் பக்கமிருந்து மெல்ல மேற்கே நகரும்.