வாசகர் அமைத்த கதைக்களஞ்சியம்

கதை முடிந்த பின்னும் கதைமாந்தர் வாசகர் மனத்தில் வாழ்கின்றனர். அம்மாந்தரைக் கொண்டு வாசகரே புதிய கதை படைப்பது ‘ரசிகர் புனைவு’ எனப்படும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ரசிகர்கள், அடுத்த ஆண்டிலேயே ‘ஸ்பாக்கனேலியா’ என்னும் சிற்றிதழைத் தாமே வெளியிட்டனர். இத்தகைய இதழ்கள் அஞ்சல்வழிப் பரவின. மடல்கள்வழித் திறனாய்வும் நட்பும் வளர்ந்தன. எழுதியோருள் பெண்களே மிகுதி.

இணையம் பரவியதும் இக்கதைகள் வணிக நிறுவனங்களின் தளங்களில் இடம்பெற்றன. நிறுவனங்கள் தம் விருப்பப்படி அவற்றை நீக்கியபோது, கதைகளோடு வாசகர் எழுதிய கருத்துரைகளும் மறைந்தன. எழுத்து தமதாயினும் இடம் பிறருடையது என்பதை எழுதியோர் உணர்ந்தனர். எனவே, 2007 இல் இலாப நோக்கற்ற அமைப்பொன்றை நிறுவினர். அவ்வமைப்பு 2009 இல் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் இணையக் காப்பகத்தைத் திறந்தது. அங்கு விளம்பரமில்லை, கட்டணமில்லை. நன்கொடையும் தன்னார்வலர் உழைப்புமே அதனை இயக்குகின்றன. அறிவியல் புனைவுலகின் புகழ்மிக்க ஹியூகோ விருது 2019 இல் இக்காப்பகத்திற்கு வழங்கப்பட்டது.

எழுதுவது மட்டுமன்று, எழுதியதைக் காப்பதும் எழுத்தாளர் கடமையே என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.