வகுப்பறைக் காட்சிப் பலகை

வகுப்பறைக் காட்சிப் பலகை என்பது பாடம் தொடர்பான படங்கள், வரைபடங்கள், செய்திகள், மாணவர் ஆக்கங்கள் முதலியவற்றைப் பார்வைக்கு வைப்பதற்காக வகுப்பறைச் சுவரில் அமைக்கப்படும் பலகை ஆகும். தக்கை, மென்பலகை, துணி போர்த்திய தெர்மாகோல் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. கரும்பலகையில் எழுதப்படுபவை அன்றே அழிக்கப்படுகின்றன. காட்சிப் பலகையில் உள்ளவை சில நாட்களோ வாரங்களோ நிலைத்திருந்து, மீண்டும் மீண்டும் பார்க்க வாய்ப்பளிக்கின்றன.

வரலாறு

செக் நாட்டுக் கல்வியாளர் யான் அமோஸ் கொமேனியஸ் (1592–1670), வகுப்பறைச் சுவர்களில் படங்களும் நிலப்படங்களும் இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்தினார். 20 ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ஆசிரியர் செலஸ்தின் பிரெனே (1896–1966) சுவர் இதழ் முறையைப் பயன்படுத்தினார். இதில் குறைகள், பாராட்டுகள், வேண்டுகோள்கள் முதலிய பத்திகளில் மாணவர்கள் வாரம் முழுவதும் தம் பெயருடன் எழுதுவர். பின்னர் வகுப்புக் கூட்டத்தில் அவை வாசிக்கப்பட்டு விவாதிக்கப்படும்.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் முறை 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கப்பட்டு, 2007–08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. தொடக்க வகுப்புகளுக்கான இம்முறையில், குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. அவர்களின் ஆக்கங்கள் வகுப்பறையில் கட்டப்பட்ட கம்பிகளில் தொங்கவிடப்பட்டன. நடுநிலை வகுப்புகளுக்கான படைப்பாற்றல் கல்வி முறையில் மாணவர்கள் வரையும் மனவரைபடங்களும் காட்சிக்கு ஏற்றவை.

வகைகள்

- தகவல் பலகை: கால அட்டவணை, அறிவிப்புகள், அன்றாடச் செய்திகள்.
- பாடப் பலகை: நடைபெறும் பாடத்தின் கலைச்சொற்கள், விளக்கப் படங்கள்.
- ஆக்கப் பலகை: மாணவர்களின் கட்டுரைகள், ஓவியங்கள், ஆய்வுக் குறிப்புகள்.
- வினாப் பலகை: மாணவர்கள் விடை, கருத்து அல்லது புதிய வினா எழுதி ஒட்டும் பலகை.

நடுநிலை வகுப்புகளுக்கான அமைப்பு

6 முதல் 8 ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள், அழகுபடுத்தப்பட்ட ஆயத்தப் படங்களை விடத் தாம் பங்கேற்கும் பலகையையே மிகுதியாக நாடுவர். எனவே பலகையின் தலைப்பை ஒரு வினாவாக அமைப்பது பயனுள்ளது. எடுத்துக்காட்டாக, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் "இம்மாதம் நம் ஊரில் எவ்வளவு மழை பெய்யும்?" என்ற வினாவை இடலாம். மாணவர்கள் முதலில் தம் கணிப்பைச் சீட்டில் எழுதி ஒட்டுவர். பின்னர் மழைமானியில் நாள்தோறும் அளந்த மில்லிமீட்டர் அளவைப் பட்டை வரைபடத்தில் சேர்ப்பர். மாத முடிவில் கணிப்பும் அளவீடும் ஒப்பிடப்படும். இவ்வாறு ஒரே பலகை புவியியல், கணிதம் ஆகிய இரு பாடங்களுக்கும் உதவுகிறது.

தலைப்பு எழுத்துகள் வகுப்பின் கடைசி வரிசைக்கும் தெரியுமளவு பெரியனவாகவும், பின்னணி நிறத்திலிருந்து வேறுபட்டும் இருத்தல் வேண்டும். விரிவான செய்திகள் மாணவர்களின் கண் மட்டத்தில் அமைய வேண்டும். பொறுப்பைக் குழுக்களிடையே சுழற்சி முறையில் பகிர்ந்தால் அனைவரும் பங்கேற்க இயலும்.

கவனச் சிதறல்

அலங்காரம் மிகுந்தால் கற்றல் மிகும் என்று கூற இயலாது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், 24 மழலை வகுப்புக் குழந்தைகள், மிகுதியாக அலங்கரிக்கப்பட்ட அறையிலும் அலங்காரமற்ற அறையிலும் பாடம் கற்றனர். அலங்காரமற்ற அறையில் 55 விழுக்காடாக இருந்த சரியான விடைகள், அலங்கரித்த அறையில் 42 விழுக்காடாகக் குறைந்தன. எனினும் இம்முடிவு இளஞ்சிறாரைப் பற்றியது; நடுநிலை மாணவர்களுக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள முடியாது. இங்கிலாந்தின் சல்போர்டு பல்கலைக்கழகம் 153 தொடக்கப்பள்ளி வகுப்பறைகளை ஆராய்ந்து 2015 இல் வெளியிட்ட அறிக்கை, சுவர்ப் பரப்பில் 20 முதல் 50 விழுக்காட்டை வெறுமையாக விடுமாறு பரிந்துரைத்தது. முற்றிலும் வெறுமையான சுவர்களையும் அது பரிந்துரைக்கவில்லை.

பிற கருத்தில் கொள்ள வேண்டியவை

சிறந்த ஆக்கங்களை மட்டும் காட்சிப்படுத்தும்போது, ஒரு சில மாணவர்களின் பெயர்களே பலகையில் திரும்பத் திரும்ப இடம்பெறும். ஏனையோர் பலகையைப் பார்ப்பதையே விட்டுவிடக்கூடும். மதிப்பெண் வரிசையை ஒட்டுவது பின்தங்கிய மாணவரைச் சக மாணவர் முன் நாணச் செய்யும். முதல் வரைவையும் திருத்திய வடிவத்தையும் மாணவரின் இசைவுடன் அருகருகே வைத்தால், முன்னேற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பது அனைவருக்கும் புலப்படும். பாடம் முடிந்ததும் பலகையை மாற்றுதல் வேண்டும். நெடுநாள் மாறாத பலகை சுவரின் பகுதியாகவே ஆகி, கவனிக்கப்படாமல் போகும்.