அடுப்படியில் கூண்டு வேண்டாமே!

எங்கள் வீட்டில் ஆறு வருடமாக 'லவ் பேர்ட்ஸ்' வளர்க்கிறோம். நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்; ஆனால் அதன் சரியான பெயர் பட்ஜி. ஆஸ்திரேலியாவின் சின்னக் கிளி. என் மகள் முதலில் கேட்டது நம்மூர் பச்சைக்கிளியைத்தான். அதைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தெருவில் கொண்டுவந்து விற்றாலும் வாங்கக் கூடாது என்று சொல்லிப் புரிய வைத்தோம். பட்ஜிக்கு அந்தத் தடை இல்லை.

தீனி பெரிய செலவில்லை. தினைதான் முக்கியம். கூடவே கொத்தமல்லி, முருங்கைக்கீரை நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம். சுண்ணாம்புச் சத்துக்குக் கூண்டில் ஒரு கடல் நுரை கட்டிவிட வேண்டும். உப்புப் போட்ட சாதம், சாக்லேட், அவகாடோ பழம் எதுவும் ஆகாது. குஞ்சு வேண்டுமென்றால் மட்டும் மண்கலயம் கட்டுங்கள். நாலு முதல் ஆறு முட்டை வரை இடும். பதினெட்டு நாளில் பொரிக்கும். அத்தனைக்கும் வீட்டில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே யோசித்துக் கொள்ளுங்கள்!

நான் முக்கியமாக எழுத வந்தது கூண்டு வைக்கும் இடத்தைப் பற்றி. நாள் முழுக்க நாம் நிற்பது அடுப்படியில். பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று கூண்டையும் அங்கேயே மாட்டிவிடுகிறோம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் ஜன்னலோரம் மாட்டியிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன வருடம் ஒரு காலை நேரத்தில், "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று அழுதுகொண்டே கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் இரண்டும் கூண்டின் அடியில் விழுந்து கிடக்கின்றன. அரை மணி முன்புவரை கத்திக்கொண்டிருந்த பறவைகள்.

அவள் மாமியார் சும்மா இருப்பாரா? "ஜோடியா செத்திருக்கே, இது நல்லதுக்கில்லை. இவ வந்த நேரம்..." என்று ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்தான், "முதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம்மா" என்று இருவரையும் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுல நான்-ஸ்டிக் தவா வச்சிருக்கீங்களா?" தோசைக்காகப் பெரிய தீயில் வெறும் தவாவை வைத்துவிட்டு, வாசலில் வந்த பால்காரருக்குக் கணக்குப் பார்க்கப் போயிருக்கிறாள். அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் ஒரு புகை வருமாம். கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். வெறும் தவா சில நிமிடத்திலேயே அந்தச் சூட்டுக்குப் போய்விடும். பறவைகளின் நுரையீரல் நம்முடையதைவிட வேகமாகக் காற்றை உள்வாங்குவதால் அந்தப் புகை உடனே கொன்றுவிடுகிறது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு இருக்கிறதா என்று அறிய 1986 வரை கூண்டுக் குருவிகளைக் கொண்டுபோனதும் இதனால்தான் என்றார். "மனுஷங்களுக்கும் அந்தப் புகையால காய்ச்சல் மாதிரி வரலாம்மா" என்று அவர் சொன்னதும் மாமியார் வாயடைத்துப் போனார். கொசுவத்தி, ரூம் ஸ்பிரே, சாம்பிராணிப் புகையும் பறவைக்கு ஆகாதாம்.

எங்கள் கூண்டு ஹாலில், காலை வெயில் லேசாக விழும் மூலையில் இருக்கிறது. ஃபேனுக்கு நேர் கீழே இல்லாமல், பூனை எட்டாத உயரத்தில். அடுப்படிக் கதவை மூடித்தான் தாளிப்பேன். தோசைக்கு இரும்புக் கல்தான்.

இன்னொன்று. பட்ஜி தன் நோவைக் கடைசிவரை மறைக்கும். சிறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். எல்லா டாக்டர்களும் பறவைக்குப் பார்ப்பதில்லை. யார் பார்க்கிறார் என்று வாங்கும்போதே விசாரித்து வையுங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அருகில் உள்ளவர்கள் அங்கே கேட்கலாம்.

பக்கத்து வீட்டில் இப்போது மறுபடியும் ஒரு ஜோடி வந்திருக்கிறது. ஹாலில் ஆணி அடிக்கச் சொல்லி இடம் காட்டியவர் அந்த மாமியார்தான்.

- ஒரு வாசகி, திருச்சி.