கால்களை எண்ணிப் பார்த்து மருந்து அடியுங்கள்

கத்தரி, வெண்டை இலையின் அடியில் சிவப்பாக ஏதாவது ஊர்ந்தால், 'பூச்சி விழுந்துவிட்டது' என்று இமிடாகுளோபிரிட் வாங்கி அடிக்கிறோம். அடங்குவதில்லை. அது பூச்சியே இல்லை, செஞ்சிலந்தி.

முதுகெலும்பில்லாத உயிரினங்களில் மிகப் பெரிய பிரிவு கணுக்காலிகள். பூச்சி, சிலந்தி, நண்டு, மரவட்டை எல்லாம் இதில் அடங்கும். பூச்சிக்குத் தலை, மார்பு, வயிறு என மூன்று பாகங்கள், 6 கால்கள். செஞ்சிலந்தி சிலந்தி இனம். உடல் ஒரே உருண்டை, 8 கால்கள், இறக்கை கிடையாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு மட்டும் 6 கால்கள் இருக்கும். அதனால் வளர்ந்ததைப் பார்த்தே எண்ணுங்கள். தென்னங்குரும்பையைத் தாக்கும் ஈரியோபைட் சிலந்திக்கோ 4 கால்கள்தான்!

கால்களை எண்ண கைலென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் இலையை வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். சிவப்புப் புள்ளிகள் நகர்ந்து, இலையடியில் மெல்லிய நூலாம்படையும் மேற்புறம் வெளிர் புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்திதான்.

சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் செஞ்சிலந்தியைத் தின்னும் பொறிவண்டுகளைக் கொன்று, அதை மேலும் பெருக வைக்கும். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, இலையின் அடிப்பக்கம் நன்கு நனையும்படி வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவும். பூசணி, வெள்ளரி வகைகளுக்குக் கந்தகம் வேண்டாம்; இலை கருகும்.