பெட்டியில் 200 வாட், காருக்குள் எவ்வளவு?

மாணவர்களே, உங்கள் அண்ணன் முதல் சம்பளத்தைச் சேமித்து ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள வானொலி கரகரக்கிறது. புதிய ஸ்டீரியோ வாங்க உங்களையும் கடைக்கு அழைத்துப் போகிறார். அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் ஒன்றில் ‘50 வாட் x 4’, இன்னொன்றில் ‘மேக்ஸ் 200 வாட்’, ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் ‘90 டெசிபல், 4 ஓம்’ என்று அச்சடித்திருக்கிறது. கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டி, “இதுதான் பவர்!” என்கிறார். அண்ணன் உங்களைப் பார்க்கிறார். நீங்கள்தானே அறிவியல் படிக்கிறீர்கள்!

பயப்பட வேண்டாம். படிவம் 4, 5 இயற்பியல் பாடத்தில் வரும் இரண்டு சூத்திரங்கள் போதும்.

முதலில் பெயர்க் குழப்பம்

ஸ்பீக்கரைத் தமிழில் ஒலிபெருக்கி என்கிறோம். உண்மையில் அது எதையும் பெருக்குவதில்லை. மின்சைகையை ஒலியாக மாற்றுவதுதான் அதன் வேலை. அதனுள் காந்தத்திற்கு நடுவே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதோடு ஒட்டிய கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. சைகையைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபையர். காரின் முகப்பில் பொருத்தும் பிளேயருக்கு ‘ஹெட் யூனிட்’ என்று பெயர். அதற்குள்ளேயே ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. பெட்டியில் உள்ள ‘50 வாட் x 4’ அதைப் பற்றிய எண்தான்.

50 வாட் எங்கிருந்து வந்தது?

வாட் என்பது திறனின் அலகு. மலாயில் ‘குவாசா’ என்று படிக்கிறீர்களே, அதேதான். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும்.

இப்போது காரைப் பாருங்கள். மின்கலம் 12 வோல்ட். இயந்திரம் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட் வரை உயரும். கார் ஸ்பீக்கரின் மின்தடை பொதுவாக 4 ஓம். கணக்குப் போடுவோம்: 14.4 x 14.4 ÷ 4 = 51.84. பெட்டியில் இருந்த ‘50 வாட்’ இங்கே வந்துவிட்டது!

ஆனால், ஸ்பீக்கருக்குப் போகும் மின்சைகை அலைபோல ஏறி இறங்குகிறது. 14.4 வோல்ட் என்பது அலையின் உச்சி. அந்த உச்சியைத் தொடும் ஒரு கணத்தில் மட்டும்தான் 52 வாட். அடுத்த கணமே அது இறங்கிவிடும். தொடர்ந்து கிடைக்கும் திறனை அறிய ‘ஆர்எம்எஸ்’ மதிப்பு வேண்டும். சைன் அலைக்கு உச்ச மதிப்பை 1.414-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். 14.4 ÷ 1.414 = 10.2 வோல்ட். இதை வைத்துக் கணக்கிட்டால் திறன் 26 வாட், அதாவது சரியாகப் பாதி. ஆம்ப்ளிஃபையருக்குள் கொஞ்சம் மின்னழுத்தம் வீணாவதால் நடைமுறையில் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் அளவில்தான் கிடைக்கும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பெட்டியிலும் ‘மேக்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபியூஸ் சொல்லும் உண்மை

இன்னொரு சோதனையும் உண்டு. ஹெட் யூனிட்டின் பின்புறத்தில் ஒரு சிறிய ஃபியூஸ் இருக்கும். பெரும்பாலும் 10 ஆம்பியர். சிலவற்றில் 15 ஆம்பியர். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன் அல்லவா? 14.4 x 10 = 144 வாட். தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான் என்றால், 200 வாட் எப்படித் தொடர்ந்து வெளியே வரும்? ஆற்றல் அழியாமை விதி கார் ஸ்டீரியோவுக்கும் பொருந்தும். அந்த 144 வாட்டிலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். பிளேயரைத் தொட்டால் சுடுவது அதனால்தான்.

தனியாக விற்கும் ‘1000 வாட்’ ஆம்ப்ளிஃபையரையும் இப்படியே சோதிக்கலாம். அதில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் உள்ளே போவது 432 வாட். மீதி எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்காவின் நுகர்வோர் மின்னணுவியல் சங்கம் ‘சிஇஏ-2006’ என்ற தரத்தை வகுத்தது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, ஒலித்திரிபு 1 விழுக்காட்டைத் தாண்டாமல் எத்தனை வாட் ஆர்எம்எஸ் தருகிறது என்பதையே அதன்படி எழுத வேண்டும். அந்த முத்திரை உள்ள எண்களை ஒன்றோடொன்று நியாயமாக ஒப்பிடலாம்.

வாட் இரட்டித்தால் ஒலி இரட்டிக்குமா?

இரட்டிக்காது. ஒலியளவை டெசிபலில் அளக்கிறோம். தொலைபேசியோடு தொடர்புடைய அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயர் இதில் ஒளிந்திருக்கிறது. திறனை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறிய மாற்றம்தான். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குத் திறன் 10 மடங்கு தேவை.

இதனால்தான் ஸ்பீக்கர் பெட்டியில் உள்ள ‘90 டெசிபல்’ முக்கியமாகிறது. இதற்கு உணர்திறன் என்று பெயர். 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் கிடைக்கும் ஒலியளவு அது. 87 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டில் தரும் ஒலியை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே தந்துவிடும். ஆம்ப்ளிஃபையரை மாற்றுவதைவிட நல்ல ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது பல வேளைகளில் மலிவு.

நாய் குரைப்பும் பறவை ஒலியும்

தபேலாவின் ‘தும்’ ஓசைக்கு அதிர்வெண் குறைவு. சலங்கையின் ‘கலீர்’ ஓசைக்கு அதிகம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6.8 மீட்டர்; காரின் நீளத்தைவிட அதிகம்! 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 3.4 சென்டிமீட்டர்தான். முதலாவதற்கு நிறையக் காற்றைத் தள்ளும் பெரிய கூம்பு வேண்டும். இரண்டாவதற்கு வேகமாக அதிரும் சிறிய தகடு போதும். பெரியது ‘வூஃபர்’, சிறியது ‘ட்வீட்டர்’. ஆங்கிலத்தில் நாயின் குரைப்பையும் பறவையின் ஒலியையும் குறிக்கும் சொற்களிலிருந்து வந்த பெயர்கள் இவை. வூஃபரைவிடத் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே அமைந்தது ‘சப்வூஃபர்’. எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் சுற்று ‘கிராஸ்ஓவர்’.

ஓம் விஷயத்தில் கவனம்

‘இன்னும் இரண்டு ஸ்பீக்கர் மாட்டலாமே’ என்று அண்ணன் கேட்கலாம். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் மாட்டினால் மொத்தத் தடை 2 ஓம் ஆகிவிடும். மின்னோட்டம் இரு மடங்காகும். அதைத் தாங்கும்படி அமைக்கப்படாத ஆம்ப்ளிஃபையர் சூடேறிப் பழுதாகும். அப்போது ஃபியூஸ் எரிந்தால், அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடவே கூடாது. ஃபியூஸ் எரிவது கம்பியைக் காப்பாற்றத்தான். பெரியதைப் போட்டால் அதற்குப் பதில் கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம்.

சக்திக்கு மீறி ஒலியைக் கூட்டுவதும் ஆபத்துதான். 14.4 வோல்ட்டுக்கு மேல் ஏற முடியாத அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். இதற்குக் ‘கிளிப்பிங்’ என்று பெயர். கரகரப்பாகக் கேட்கும் அந்த ஒலியில் உயர் அதிர்வெண்கள் கூடுதலாகச் சேர்வதால், ட்வீட்டரின் மெல்லிய சுருள் கருகிவிடக்கூடும்.

மாற்ற முடியாத ஸ்பீக்கர்

எரிந்த ட்வீட்டரைச் சில ரிங்கிட்டில் மாற்றிவிடலாம். நம் உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர் உயிரணுக்களை மாற்ற முடியாது. சேதமடைந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. மலேசியாவில் வேலையிடத்தில் ஒரு நாளைக்கான இரைச்சல் வரம்பு 85 டெசிபல். அது 8 மணி நேரத்திற்கானது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. 88 டெசிபலில் 4 மணி நேரம்; 91-இல் 2 மணி நேரம்; 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். 91 டெசிபலில் பாட்டு வைத்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போனால், இறங்கும்போது அன்றைய அளவு முழுவதும் தீர்ந்திருக்கும். இறங்கியபின் காதில் ‘ஙொய்’ என்று ஒலித்தால், ஒலி அளவுக்கு மீறியதாக இருந்தது என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஆகவே, மீண்டும் அந்தக் கடைக்குள் போவோம். பெரிய எழுத்தில் உள்ள எண்ணை விடுங்கள். சிறிய எழுத்தைப் படியுங்கள். ஆர்எம்எஸ் எத்தனை வாட்? ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்? ஸ்பீக்கரின் உணர்திறன் எத்தனை டெசிபல்? எத்தனை ஓம்? இந்த நான்கையும் கேட்டாலே, கடைக்காரர் வேறு பெட்டியை எடுத்துக் காட்டத் தொடங்கிவிடுவார். அண்ணனின் சம்பளமும் மிச்சமாகும்.

இன்றே செய்து பாருங்கள்: வீட்டிலுள்ள ஏதாவது ஒரு ஸ்பீக்கரைத் திருப்பி, பின்புறத்தில் உள்ள வாட், வோல்ட், ஆம்பியர் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் திறனைக் கணக்கிட்டு, வெளியே வருவதாக எழுதியிருக்கும் திறனோடு ஒப்பிடுங்கள். எண்கள் ஒத்துப்போகின்றனவா?