நத்தை வளர்ப்பு உபதொழிலாகுமா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சியிட இயலாது. தறிகள் ஓய்ந்து நிற்கும். அந்நாட்களில் கைக்கு ஏதேனும் உபதொழில் அகப்படாதா என்று நெசவாள அங்கத்தினர் தேடுவது இயல்பே. மேனாடுகளில் ஆமை, பல்லியினங்களைச் செல்லப் பிராணிகளாக வைத்திருப்போர் அவற்றின் இரைக்கெனத் தோட்டத்து நத்தையை வீட்டிலேயே வளர்க்கின்றனர். முறை எளியது. காற்றுப் புகும் மூடிய பெட்டி, அதில் ஈரமண், தின்னக் கீரையும் வெள்ளரித் துண்டும், ஓடு வலுப்படச் சிறிது முட்டையோட்டுத் தூள். முதலீடு இவ்வளவே. மதுரைப் பக்கத்திலும் இதனைச் செய்து பார்க்கலாமே எனச் சிலருக்குத் தோன்றக்கூடும்.

கூடாது என்பதே நமது கருத்து.

மேனாட்டார் வளர்ப்பது சிறிய பழுப்பு நத்தை. நம் நாட்டுத் தோட்டங்களில் மழை பெய்ததும் பல இடங்களில் வெளிப்படுவதோ ராட்சத ஆப்பிரிக்க நத்தை. 1847இல் பென்சன் என்பவர் மொரிஷியஸ் தீவிலிருந்து இதனைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அவர் நண்பர் ஒருவரிடம் கொடுத்துச் செல்ல, அது சௌரங்கித் தோட்டமொன்றில் விடப்பட்டது. வேடிக்கைக்காக வந்த பிராணி இன்று நாட்டின் பல மாநிலங்களில் பயிர்ப்பகை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாய் அமைந்தது. ஒரே ஈட்டில் நூறு முட்டைக்கு மேலும் இடும். ஒருமுறை இணைந்தபின் தனித்திருந்தும் முட்டையிட வல்லது. ஆகவே பெட்டியிலிருந்து ஒன்று தப்பினாலும் போதும். கோடையில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு உறங்கும். மழை விழுந்ததும் எழுந்து கொடிக்காலையும் பப்பாளி நாற்றையும் வாழைக் குருத்தையும் மேயும். சுண்ணாம்புச் சத்துக்காக வெள்ளையடித்த சுவரைக்கூடச் சுரண்டும்! பிரேஸில் நாட்டிலே 1980களில் உணவுக்கென இதனைப் பண்ணைகளில் வளர்த்தனர். விற்பனை இல்லாமற்போகவே வெளியே விட்டுவிட்டனர். அது அந்நாடெங்கும் பரவிவிட்டது.

உடல்நலக் கேடும் உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் புகும். வேகாத நத்தையாலோ, சிறு நத்தை ஒட்டிய கழுவாத கீரையாலோ அவை மனிதனை அடைந்தால் மூளையுறை அழற்சி உண்டாகலாம். நத்தையைத் தின்னும் உடும்பின் உடலிலும் அப்புழு தங்கும். உடும்பைப் பச்சையாக உண்டு இந்நோய் கண்டவர் தென்னிந்தியாவிலேயே உண்டென மருத்துவர்கள் எழுதியுள்ளனர்.

சரக்கை வாங்குவோர் யார்? நட்சத்திர ஆமையையும் உடும்பையும் வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்கு அஞ்சி மறைந்து வாங்குவோரை நம்பித் தொழில் தொடங்குதல் விவேகமன்று.

வளர்ப்பதை விடுத்து ஒழிக்கும் வழியைச் சொல்வோம். மாலையில் நனைத்த கோணிச் சாக்கின்கீழ்ப் பப்பாளித் தழைகளைப் பரப்பி வைத்தால் இரவில் நத்தைகள் அங்கே கூடும். விடியற்காலையில் கையுறை அணிந்து அல்லது இடுக்கியால் பொறுக்கி, வாளியில் கரைத்த கெட்டியான உப்புநீரில் இட்டுக் கொன்று ஆழப் புதைக்கவேண்டும். உப்பை வயலில் தூவலாகாது, மண் கெடும். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்களும் அதே வாரத்தில் சேர்ந்து செய்தாலொழிய வேலிக்கு அப்பாலிருந்து மீண்டும் வந்துவிடும். மண்ணில் கொத்தாகக் கிடக்கும் வெளிர்மஞ்சள் முட்டைகளையும் தோண்டி நசுக்குக. குழந்தைகளை இவ்வேலைக்கு ஏவாதீர்கள். முடித்தபின் சோப்பிட்டுக் கைகழுவுவது அவசியம்.